வெள்ளிக்கிழமைக்குப் போட்ட சைபர்

என் மாணவிகள் கல்லூரிக்கு லாயக்கா என்று பார்க்க வந்த மனிதர் ஜீப்பிலிருந்து இறங்கும்போதே கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு இறங்கினார். அதற்காகவே அவரை எனக்குப் பிடிக்காமல் போயிற்று. இத்தனை வருஷம் கழித்தும் பிடிக்கவில்லை.

ஆம்பூருக்கும் வாணியம்பாடிக்கும் இடைப்பட்ட ஊர் அது. தோல் பதனிடும் டேனரிகள் சுற்றிலும் இருந்தன. காற்று எந்தப் பக்கம் அடித்தாலும் நாற்றம் வரும். நான் குடியாத்தத்தில் தறிச் சத்தத்துக்கு நடுவே வளர்ந்தவள். கணக்கு டீச்சராக அங்கே சேர்ந்த முதல் வாரம் எனக்கும் குமட்டிக்கொண்டுதான் வந்தது. ஆனால் பிள்ளைகள் எதிரில் மூக்கைப் பொத்தவில்லை. அவர்களுடைய அப்பன்மார் தோலை ஊறவைக்கிற சுண்ணாம்புக் குழியில் நாளெல்லாம் நின்றுவிட்டு வருகிறவர்கள். அவர்கள் பெற்ற பெண்களிடம் போய் உங்கள் வீட்டு வாசனை எனக்கு ஆகவில்லை என்று காட்டுவதற்கு எவ்வளவு கொழுப்பு வேண்டும்!

எங்களுடையது பெண்கள் உயர்நிலைப் பள்ளி. ஊரிலிருந்த முஸ்லிம் தோல் வியாபாரிகள் சேர்ந்து நடத்திய டிரஸ்டைச் சேர்ந்தது. படித்தவர்களில் பாதிப்பேர் முஸ்லிம் பெண்கள், மீதிப்பேர் டேனரியில் வேலை செய்யும் இந்து, கிறிஸ்தவக் குடும்பங்களின் பெண்கள். அந்தப் பக்கத்தில் அப்படிப்பட்ட பள்ளிகளில் வெள்ளிக்கிழமை விடுமுறை, ஞாயிற்றுக்கிழமை பள்ளி உண்டு. யாருக்கும் அது விசித்திரமாகப் பட்டதில்லை. கிறிஸ்தவப் பெண்கள் விடியற்காலைப் பூசைக்குப் போய்விட்டு அப்படியே சீருடையில் வகுப்புக்கு வந்துவிடுவார்கள். குடியாத்தம் பஸ் கண்டக்டர் மட்டும் ஞாயிறு தவறாமல் என்னைப் பார்த்து, “இன்னா டீச்சர், லீவு நாள்லயும் விட மாட்டீங்களா?” என்று கேட்பான். எட்டு வருஷம் கேட்டான். எட்டு வருஷமும் நான் முறைத்தேன்.

அப்போது பி.யூ.சி.யை எடுத்துவிட்டு பிளஸ் டூ வந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. அதுவரை பள்ளிப் படிப்புக்கு மேல் படிக்க வேண்டுமென்றால் கல்லூரி வாசலுக்குப் போயாக வேண்டும். இப்போது அந்தப் படிப்பைப் பள்ளிக்கூடத்துக்கே கொண்டுவந்தார்கள். வேறு யாருக்கு அதனால் என்ன லாபமோ, எங்கள் பெண்களுக்கு அது பெரிய விஷயம். வெளியூர் பஸ் ஏறாமலேயே கல்லூரிக்குப் பாதி வழி போய்விடலாம். ஆனால் எல்லாப் பள்ளிக்கும் தர மாட்டார்களாம். ஒரு குழு வந்து பார்த்து, இந்தப் பிள்ளைகள் மேல்படிப்புக்குத் தயார்தானா, இந்தப் பள்ளிக்கு அறிவியல் பிரிவு தரலாமா என்று எழுதுமாம். அந்தக் குழுவுக்குத் தலைவர்தான் கைக்குட்டைக்காரர். ஓய்வு பெற்ற கல்லூரிப் பேராசிரியர். கூடவே ஒரு இளவட்ட உதவியாளன்.

அவர்கள் வரவைப் பத்தாம் வகுப்பில் ஒருத்தி நாள் எண்ணிக் காத்துக்கொண்டிருந்தாள். டேனரியில் தோலைச் சுழற்றுகிற டிரம் ஓட்டுகிறவரின் மகள். நான் பாடம் நடத்தியவர்களில் அவளைப்போல் கணக்கு வந்தவள் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. நான் கரும்பலகையில் பாதி எழுதுவதற்குள் விடையைச் சொல்லிவிட்டு, ஜன்னல் வழியே வேடிக்கை பார்ப்பாள். திமிர் பிடித்தவள் என்று மற்ற டீச்சர்கள் சொல்வார்கள். திமிர்தான். இருக்கட்டுமே.

அவள் அப்பாவை ஒருநாள் வரச்சொல்லிப் பேசினேன். பாறை மாதிரி மனிதர். உட்காரச் சொன்னாலும் உட்காரவில்லை.

“இங்க பிளஸ் டூ வந்தா படிக்கட்டும் டீச்சர், நான் வேணாங்கல. வேலூருக்குப் பஸ்ல அனுப்பறதுன்னா கிடையாது. நான் ஷிப்ட்டுல நின்னுக்கினு அவ வந்தாளா வரலயான்னு வயித்துல நெருப்பக் கட்டிக்கினு இருக்க முடியாது. ஷூ கம்பெனில சொல்லி வெச்சிருக்கேன். பத்தாவது பாஸ் பண்ணா ஜூலைல எடுத்துக்கறாங்க.”

“பதினஞ்சு வயசுப் பொண்ண மெஷின்ல உக்கார வெக்கப் போறீங்களா?”

“பதினாறு ஆவுது. அவங்கம்மா பதிமூணுல வேலைக்குப் போனா.”

நான் கத்தினேன். அவர் கேட்டுக்கொண்டு நின்றார். கடைசியில், “இங்க வந்தா படிக்கட்டும்னு சொல்லிட்டேனே டீச்சர்” என்று மறுபடியும் அதையே சொல்லிவிட்டுப் போய்விட்டார். சொன்ன சொல் மாறாத ஆள் என்று ஊரில் பெயர். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

குழு வந்ததே கோளாறோடு வந்தது. வெள்ளிக்கிழமை வருகிறோம் என்று கடிதம் போட்டிருந்தார்கள். எங்கள் தலைமையாசிரியை, அன்று விடுமுறை, சனிக்கிழமை வாருங்கள் என்று பதில் போட்டார். அந்தப் பதிலை யாரும் படிக்கவில்லை. வெள்ளிக்கிழமை ஜீப் வந்து நின்றபோது பள்ளியில் வாட்ச்மேன் மட்டும் இருந்து தண்ணீர்த் தொட்டி கழுவிக்கொண்டிருந்தார். திரும்பிப் போய் மறுநாள் வந்தார்கள். அந்தக் கோபம் கைக்குட்டைக்கு மேலே தெரிந்த இரண்டு கண்ணிலும் இருந்தது.

“வேல நாள்ல ஸ்கூலப் பூட்டிட்டுப் போயிட்டீங்களேம்மா?”

தலைமையாசிரியை பதறிப்போய் வெள்ளிக்கிழமைக் கதையை விளக்கினார். நான் சும்மா இருந்திருக்கலாம். “நாளைக்கு ஞாயித்துக்கிழம, அப்பவும் வாங்க சார், நாங்க எல்லாரும் இருப்போம்” என்றேன். நான் கிண்டல் செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டார். சத்தியமாக நான் அப்போது கிண்டல் செய்யவில்லை.

பத்தாம் வகுப்புக்கு ஒரு பரீட்சை வைத்தார்கள். கல்லூரிக்கு எவ்வளவு ஆயத்தம் என்று அதில் தெரிந்துவிடுமாம். முதல் பக்கம் முழுக்க, நீ எந்தப் பத்திரிகை வாசிக்கிறாய், வீட்டில் உனக்குத் தனி மேஜை உண்டா, கடைசியாக எந்தப் பொருட்காட்சிக்குப் போனாய் என்று ஒரே விசாரணை. ஏழு பேர் படுக்கிற ஒற்றை அறையில் தனி மேஜைக்கு எங்கே போவது? பிள்ளைகள் பேனாவைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். இரண்டாம் பக்கத்தில்தான் கணக்கு. நம்முடையவள் முதல் பக்கத்தை அப்படியே விட்டுவிட்டு, கணக்கு எல்லாவற்றையும் போட்டு முடித்து, எல்லாருக்கும் முன்னால் எழுந்து நின்றாள்.

பேராசிரியர் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். விடையை நான் முன்னாடியே சொல்லிக் கொடுத்துவிட்டேன் என்று நினைத்தார்போலும். அவளைக் கூப்பிட்டு, தாளில் இல்லாத ஒரு கணக்கைக் கரும்பலகையில் எழுதிப் போடச் சொன்னார். நாலே வரியில் போட்டுவிட்டாள்.

“இந்த வழி உங்க டீச்சர் சொல்லித் தந்ததா?”

“இல்ல சார். டீச்சர் வழி ரொம்ப நீளம்.”

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன்.

“மேல என்ன செய்யணும்னு ஆச?”

“காலேஜுக்குப் போவணும் சார்.”

“போய்?”

“போனப்புறம் சொல்றேன் சார்.”

அவர் கைக்குட்டையை இறக்கி முதல் தடவையாக முகம் முழுவதையும் காட்டினார். அவளைப் பற்றித் தன் நோட்டில் ஏதோ எழுதினார். சரி, இந்த மனுஷனுக்குக் கண் இருக்கிறது, காரியம் பலித்தது என்று நான் நினைத்தேன்.

மத்தியானம் உதவியாளன் ஒரு கட்டுப் படிவத்தைத் தூக்கிக்கொண்டு வந்தான். நாலு வாரத்து வருகையை வகுப்பு வகுப்பாக எழுத வேண்டும். என் கையெழுத்து அழகாக இருக்கும் என்று தலைமையாசிரியை என் தலையில் கட்டினார். படிவத்தில் திங்கள் முதல் சனி வரை ஆறு கட்டம். ஞாயிற்றுக்கிழமைக்குக் கட்டமே இல்லை.

“ஞாயித்துக்கிழம வருகைய எங்க சார் எழுதறது?”

“ஞாயித்துக்கிழம யாரு மேடம் ஸ்கூல் நடத்துவாங்க? இருக்கற கட்டத்துல எழுதுங்க.”

“அப்ப வெள்ளிக்கிழமைக்கு?”

“அன்னிக்கு எத்தன பேர் வந்தாங்க?”

“யாரும் வரல. லீவு.”

“அப்ப சைபர் போடுங்க. காலியா விட்டா மேல திருப்பி அனுப்பிடுவாங்க.”

வருஷா வருஷம் ஏழாம் வகுப்புக்குச் சராசரி சொல்லித் தருகிறவள் நான். நாலு பேர் பரீட்சை எழுதி ஒருத்தி சைபர் வாங்கினால் நாலால் வகுக்க வேண்டும். ஒருத்தி பரீட்சைக்கே வரவில்லையென்றால் மூன்றால் வகுக்க வேண்டும். இதைப் புரிந்துகொள்ளாத பிள்ளைகளைப் பெஞ்சு மேல் நிற்க வைத்திருக்கிறேன். அப்படிப்பட்டவள் வெள்ளிக்கிழமைக் கட்டம் ஒவ்வொன்றிலும் உருண்டையாக ஒரு சைபரைப் போட்டேன். சாப்பாடு ஆறிக்கொண்டிருந்தது. அந்த இரண்டு பேரும் எப்போது கிளம்புவார்கள் என்று இருந்தது. ஒவ்வொரு தாளின் அடியிலும், நிரப்பியவர் என்று அச்சடித்திருந்த இடத்தில் என் கையெழுத்தையும் போட்டுக் கொடுத்தேன்.

மே மாதக் கடைசியில் அறிக்கையின் நகல் வந்தது. தலைமையாசிரியை ஆள் விட்டு என்னைக் குடியாத்தத்திலிருந்து வரவழைத்தார். மாணவிகளில் சிலர் நல்ல திறமை உள்ளவர்கள் என்று ஒரு வரி. அதற்குக் கீழே, வருகை மிகக் குறைவு, வாரத்தில் ஒருநாள் ஒரு மாணவிகூட வருவதில்லை, பெற்றோருக்குப் பெண் கல்வியில் நாட்டமில்லை, ஆகையால் மேல்நிலைப் பள்ளியாக உயர்த்தப் பரிந்துரைக்க இயலாது. ஆறு கட்டத்தையும் கூட்டி ஆறால் வகுத்திருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை வந்து உட்கார்ந்து படித்த அத்தனை பெண்களும் எந்தக் கணக்கிலும் இல்லை.

பள்ளித் தாளாளர் ஒரு டேனரி முதலாளி. பெரியவர். காகிதத்தைப் படித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்.

“எங்க தாத்தா காலத்துலேர்ந்து வெள்ளிக்கிழம லீவு. அதுகூடத் தெரியாத ஆளுக்கு ஜீப்பு வேறயா? நீங்களே வேலூர் போயி எடுத்துச் சொல்லிட்டு வாங்க டீச்சரம்மா. பிளஸ் டூ குடுக்கற ஸ்கூல் லிஸ்ட்டு இன்னும் மெட்ராஸ் போகலயாம். ஆனா பேஜார் பண்ணிக்காம பேசணும், புரியுதா? உங்க கோவம் எனக்குத் தெரியும்.”

“நான் எதுக்கு சார் கோவப்படப் போறேன்?” என்று கோபமாகக் கேட்டுவிட்டு வந்தேன்.

அதற்கடுத்த வாரம் பத்தாம் வகுப்பு முடிவு வந்தது. நம்முடையவள் கணக்கில் நூற்றுக்கு நூறு. மதிப்பெண்ணைச் சொல்ல என்னிடம் ஓடி வந்தவள், “இங்க பிளஸ் டூ வந்துடுமா டீச்சர்? அப்பா ஜூலை ஒண்ணாந்தேதி கம்பெனிக்குக் கூட்டிக்கினு போறேன்னு சொல்றாரு” என்றாள். “வரும். நான் வேலூர் போறேன்ல?” என்றேன். அவள் என்னை அப்படியே நம்பினாள். நான் யாரையாவது பார்க்கப் போனால் காரியத்தை முடிக்காமல் வர மாட்டேன் என்று பள்ளிக்கூடம் முழுக்க ஒரு நம்பிக்கை இருந்தது.

வேலூரில் அந்தக் குழுவின் அலுவலகம் ஒரு பழைய கட்டிடத்தின் மாடியில் இருந்தது. பேராசிரியர் என்னை அடையாளம் கண்டுகொண்டு நாற்காலி போடச் சொன்னார். உதவியாளன் பக்கத்து மேஜையில் இருந்தான். நான் வருகைப் பதிவேட்டையே தூக்கிக்கொண்டு போயிருந்தேன். ஞாயிற்றுக்கிழமைப் பக்கங்களைப் பிரித்துக் காட்டினேன். ஒரு நிமிஷம் பார்த்தார். புரிந்துவிட்டது. உண்மையைச் சொல்ல வேண்டும், அந்த மனிதர் சட்டென்று புரிந்துகொண்டார்.

“அடடா. சைபர் போட்டிருக்கக் கூடாதும்மா. அந்தப் பொண்ணு ஞாபகம் இருக்கு எனக்கு. நாலு வரியில போட்டாளே, அவதானே? லிஸ்ட்டு சாயங்காலம்தான் மெட்ராஸ் போகுது. இப்பவே சேத்துடறேன். ஒண்ணு மட்டும் செய்ங்க. தாள்ல உங்க கையெழுத்து இருக்கறதால நானா மாத்த முடியாது. படிவத்தைத் தவறுதலாக நிரப்பிவிட்டேன்னு ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. போதும்.”

வெள்ளைத் தாள் ஒன்றை என் பக்கம் தள்ளினார். பேனாவையும் மூடியைக் கழற்றிக் கொடுத்தார்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது.

“நான் தவறுதலா நிரப்பல சார். இதோ உக்காந்திருக்காரே, இவர் சைபர் போடச் சொன்னாரு, போட்டேன்.”

உதவியாளன் தலையை நிமிர்த்தினான். “நான் அப்படிச் சொல்லவே இல்ல சார். இருக்கறத எழுதுங்கன்னுதான் சொன்னேன்.”

“பொய் சொல்லாத!” என்று எழுந்துவிட்டேன். “ஞாயித்துக்கிழமைக்குக் கட்டம் இல்லாத படிவத்த அடிச்சது யாரு? நானா? முந்தின நாள் பூட்டின கேட்டு முன்னாடி வந்து நின்னுட்டுத்தானே போனீங்க? அப்பகூடவா தெரியல? ஊருக்குள்ள மூக்கப் பொத்திக்கினு வந்தா கண்ணும் சேந்து மூடிக்குமா சார்?”

பேராசிரியரின் முகம் சிவந்துவிட்டது. அலுவலகத்தில் எல்லோரும் டைப் அடிப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். ஆனாலும் அவர் குரலை உயர்த்தவில்லை.

“யார் தப்புன்னு அப்புறம் பேசிக்கலாம்மா. இப்ப இந்த ஒரு வரி.”

“தப்பு உங்களுது. நீங்க எழுதுங்க.”

“நான் எழுதினா செல்லாதும்மா.”

“அப்ப நானும் எழுத மாட்டேன்.”

“எழுத மாட்டீங்களா?”

“மாட்டேன்.”

அவர் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, பேனாவை மூடினார். “சரி. போய்ட்டு வாங்க” என்றார்.

மாடிப்படி இறங்கும்போது எனக்குக் காற்றில் நடப்பதுபோல் இருந்தது. ஒரு ஆபீஸ் முழுக்கப் பார்க்க, நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டுவிட்டு வந்திருக்கிறேன்! பஸ் நிலையத்தில் மசால் தோசை சாப்பிட்டேன். பள்ளிகொண்டா தாண்டுகிற வரைக்கும் இன்னும் என்னென்ன கேட்டிருக்கலாம் என்று யோசித்துக்கொண்டே வந்தேன்.

தலைமையாசிரியையிடம், “திருத்த முடியாதாம்” என்று மட்டும் சொன்னேன். அந்தப் பெண்ணிடமும் அதையேதான் சொன்னேன். ஜூலை ஒன்றாம் தேதி காலையில் அவள் அப்பா சைக்கிளின் பின்னால் அவளை உட்கார வைத்து ஷூ கம்பெனிக்குக் கூட்டிக்கொண்டு போனதை நான் பள்ளி வாசலில் நின்று பார்த்தேன். அன்று முழுவதும் அந்தப் பேராசிரியரைத் திட்டிக்கொண்டே பாடம் நடத்தினேன்.

இரண்டு வருஷம் கழித்து வேறொரு குழு வந்து, எங்களுக்கு அறிவியல் பிரிவு கொடுத்தது. அதற்குள் அவள் தையல் மெஷினில் கை தேர்ந்துவிட்டாள்.

வேலூர்க் கதையை நான் சொல்லாத இடம் இல்லை. ஓய்வறையில், கல்யாண வீட்டில், பஸ்ஸில், புதிதாக டீச்சர் யார் சேர்ந்தாலும் சொல்லுவேன். முதலில் அந்த ஒரு வரியை மட்டும் விட்டுவிட்டுச் சொன்னேன். பிறகு அதைச் சேர்த்தால் கதை இன்னும் ஜோராக இருப்பது தெரிந்தது. “என்னையே மன்னிப்பு எழுதிக் குடுன்றான்!” என்று கையைத் தட்டிச் சொல்வேன். எல்லோரும், “நல்லாக் குடுத்தீங்க டீச்சர்” என்பார்கள்.

எண்பதுகளின் நடுவில் ஒருநாள் ஆம்பூர் பஸ் நிறுத்தத்தில் அவளைப் பார்த்தேன். கையில் டிபன் கேரியர், கழுத்தில் கம்பெனி அடையாள அட்டை. சூப்பர்வைசராகிவிட்டாளாம். கல்யாணமாகி ஒரு பெண் குழந்தை இருக்கிறதாம். என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பாக வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். பேச்சு எப்படியோ பழைய பள்ளிக்கூடத்துக்குப் போனது. கைக்குட்டைக்காரர் நினைவிருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறது என்றாள். அவ்வளவுதான், எனக்கு வாய் நிற்கவில்லை. உனக்காக நான் அந்த ஆபீசில் போட்ட சண்டையைக் கேள் என்று ஆரம்பித்து, மூக்கு, கண், உதவியாளன், வெள்ளைத் தாள், மூடி கழற்றிய பேனா என்று எல்லாவற்றையும் நடித்தே காட்டிவிட்டேன். பக்கத்தில் நின்றவர்கள்கூடச் சிரித்தார்கள்.

அவள் சிரிக்கவில்லை. யோசித்துக்கொண்டிருந்தாள். வகுப்பில் கணக்கைப் பார்த்துக்கொண்டு நிற்பாளே, அதே முகம்.

“எழுதிக் குடுத்திருந்தா அன்னிக்கே சேத்திருப்பாரா டீச்சர்?”

“சேத்துடறேன்னுதான் சொன்னான்.”

“ஒரு வரிதானா கேட்டாரு?”

“ஆமா. ஆனா தப்பு அவங்களுது. நான் எதுக்கு...”

“எழுதிக் குடுத்திருக்கலாமே டீச்சர்.”

கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குப் பதில் இருந்திருக்கும். கோபத்துக்குப் பதில் சொல்லியே பழகியவள் நான். அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். கம்பெனி வேன் வந்துவிட்டது. “வர்றேன் டீச்சர், உடம்பப் பாத்துக்குங்க” என்று சொல்லிவிட்டு ஏறிப்போய் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டாள்.

எழுதிக் கொடுத்திருக்கலாம். ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது.